பழனி நேர்த்திக்கடனுக்கு இந்தியா கெளம்புற நேரத்துல நெலத்துக்கு நோட்டீஸ், போகலாமா நிக்கணுமா?

பெகு_கந்தன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல பெகு பக்கத்துல ஒரு தமிழ் கிராமத்துலேருந்து எழுதுறேன், ஊர் பேர் போட வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க. கேள்வி ரெண்டு, ஆனா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு நிக்குது அதனால சேத்தே கேக்குறேன், நீளமா போனா பொறுத்துக்கங்க.

அப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆனப்ப அம்மா பழனி ஆண்டவனுக்கு வேண்டிக்கிட்டாங்க, மனுஷன் எந்திரிச்சு நடந்தா குடும்பத்தோட வந்து மொட்டை போட்டு பால்குடம் எடுக்குறோம்னு. இப்ப அப்பா களம் வரைக்கும் நடந்து போய் நெல்லு தூத்துறத பாத்துட்டு வர்றாரு. அதனால வர்ற தைப்பூசத்துக்கு பழனி, அப்பிடியே ராமேஸ்வரம், தேவகோட்டை பக்கத்துல தாத்தா பொறந்த ஊர்ல கொலதெய்வம்னு பிளான் போட்டு எல்லாருக்கும் பாஸ்போர்ட் எடுத்தாச்சு, டிக்கெட் மட்டும் இன்னும் போடல. எங்க வீட்ல யாரும் இதுவரைக்கும் இந்தியா மண்ண மிதிச்சதில்ல. தாத்தா கப்பல்ல வந்தவரு, திரும்பி போகவே இல்ல.

இந்த நேரம் பாத்து ஊர் நிர்வாகி ஆபீஸ் பலகைல ஒரு நோட்டீஸ். வாய்க்காலுக்கு கெழக்க இருக்கற நெலமெல்லாம் யாரும் பயிர் வைக்காத தரிசு, அத தனக்கு குடுக்கணும்னு டவுன்ல இருக்கற ஒருத்தர் மனு போட்டிருக்காரு, ஆட்சேபம் இருந்தா எழுதி குடுங்கன்னு. அதுல போட்டிருக்கற குவின் நம்பர (வயல் பகுதியோட பதிவு நம்பர்) பாத்தா எங்க ஆறு ஏக்கர், இன்னும் நாலு வீட்டு வயலு, மாரியம்மன் கோயில் தோப்பு, எங்க ஆளுங்கள பொதைக்கிற சுடுகாடு எல்லாம் உள்ள வருது. மறுநா காலைல போய் பாத்தா எங்க வரப்பு மேல செவப்பு துணி கட்டின மூங்கி குச்சி வரிசையா நட்டிருக்கு. அம்மா ஒண்ண புடுங்கி எறிய போனாங்க நான் தான் கைய புடிச்சேன்.

தாத்தா காலத்துலேருந்து நாங்க தான் உழுவுறோம், எல்லாருக்கும் தெரியும். ஆனா 2012 விளைநில சட்டம் வந்து ஊரெல்லாம் 7ஆம் நம்பர் ஃபாரம் (நெலத்த உழுவுற உரிமைக்கான சான்று) குடுத்தப்ப அப்பாவோட அடையாள அட்டைல ஏதோ எழுத்து பெசகுன்னு அப்புறமா வா அப்புறமா வான்னு இழுத்து அப்பிடியே நின்னு போச்சு. நாலு வீட்ல ரெண்டு வீட்டுக்கு ஃபாரம் இருக்கு. எங்ககிட்ட இருக்கறது ஒரு பழைய பிஸ்கட் டின்னு நெறைய காயிதம் தான், வரி ரசீது, தாத்தா அரசாங்கத்துக்கு நெல்லு போட்ட புக்கு, கரையான் அரிச்சது போக மிச்சம்.

இப்ப நாங்க ஊர விட்டு போனா பின்னாடி என்ன ஆகும்? போகலன்னா அம்மா மனசு ஒடைஞ்சிடும். அப்பிடி போறதுன்னா மொத தடவ போறவங்க எங்கேருந்து ஆரம்பிக்கணும், அதையும் சொல்லுங்க.

நியாங்லேபின்_விவசாயி:

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல ஒண்ணு சொல்லு. அறுத்த வயல்ல உளுந்து வெதச்சிட்டியா இல்லியா?

ஏன் கேக்குறேன்னா அந்த ஆளு மனுவுல எழுதியிருக்கறதே தரிசுன்னு தான. டவுன்ஷிப் (வட்டார) ஆபீஸ்லேருந்து நெலம் பாக்க வர்றவங்க வரப்புல நிக்கிறப்ப காலுக்கு கீழ உளுந்து ரெண்டு எலை விட்டு நின்னா அந்த மனு அங்கயே பாதி செத்துடும், அறுத்த தாளோட வெறுமனே கெடந்தா நீ என்ன பேசினாலும் போட்டோல தரிசு மாதிரி தான் விழும். 2012 விளைநில சட்டத்துலயே தகுந்த காரணம் இல்லாம நெலத்த சும்மா போடக்கூடாதுன்னு இருக்கு. நம்ம பக்கம் நெல்லு அறுத்த ஈரத்துலயே உளுந்து போடுறது எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கம், இங்க வெளையுற உளுந்துல பெரும்பங்கு இந்தியாவுக்கு தான் கப்பலேறுது, நீ ஊருக்கு போனா சாப்புடுற இட்லில கூட இந்த மண்ணு உளுந்து இருக்கும். அதனால ஒரு மூலை கூட விடாத.

ரெண்டாவது, அம்மா குச்சிய புடுங்காம நீ தடுத்தது ரொம்ப நல்லது. புடுங்கினா அத வெச்சே போலீஸ் கேஸ் ஆக்குவாங்க, அப்புறம் நெல விஷயம் பின்னாடி போயிடும். குச்சி, வரப்பு, பயிரு, கோயில் கோபுரம் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வை.

இப்ப ஆட்சேபம். அஞ்சு வீடும் சேந்து ஒரே மனுவா போடாதீங்க, இது என் உறுதியான கருத்து. ஃபாரம் இருக்கற ரெண்டு வீடு தனி, அவங்களுக்கு வேல சுலபம், ஏற்கனவே விளைநிலம்னு பதிஞ்ச நெலம் தரிசு சட்டத்துக்குள்ளயே வராது. ஃபாரம் இல்லாத நீங்க உழுவுறதுக்கு ஆதாரம் காட்டி தனித்தனியா போடணும், கூடவே 7ஆம் நம்பர் ஃபாரத்துக்கும் இப்பவே மனு குடுக்கணும். கோயிலும் சுடுகாடும் ஊர் பேர்ல இன்னொரு மனு. இதுல முக்கியமா ஒண்ணு இருக்கு, 2018 செப்டம்பர்ல தரிசு நெல சட்டத்த திருத்தினப்ப, பொதுமக்கள் மதம் சமூகம் கல்வி சுகாதாரம் போக்குவரத்துக்கு புழங்கிட்டிருக்கற நெலம் இந்த சட்டத்துல சேராதுன்னு எழுதி வெச்சாங்க. அந்த வரிய மனுவுல அப்பிடியே பர்மால எழுத சொல்லு வக்கீல்கிட்ட. வருஷா வருஷம் திருவிழா நடந்த போட்டோ, சுடுகாட்டுல இருக்கற பழைய கல்லுல வருஷம் பொறிச்சிருந்தா அது போட்டோ, எல்லாம் சேரு.

ஆனா அந்த 2018 திருத்தத்துலயே கத்தியும் இருக்கு. அனுமதி இல்லாம தரிசு நெலத்த புழங்கிட்டு இருக்கறவங்க 2019 மார்ச் 11க்குள்ள மனு போடணும், இல்லன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்னு வந்துச்சு. அதனால நீ எந்த காயிதத்துலயும் "நாங்க தரிச திருத்தி பயிர் பண்றோம்"னு மட்டும் எழுதிடாத, யாரு எழுதி குடுத்தாலும் படிச்சு பாக்காம அப்பா கைநாட்டு வைக்க கூடாது. தாத்தா காலத்துலேருந்து நெல்லு வெளையுற விளைநிலம், இது தான் வார்த்தை.

அந்த பிஸ்கட் டின்ன பொன்னா நெனச்சுக்க. நெலவரி துட்டு கொஞ்சம் தான் ஆனா அந்த ரசீதுல பேரும் குவின் நம்பரும் இருக்கும். தாத்தாவோட நெல்லு கோட்டா புக்கு இருக்கே அது அதுக்கு மேல. 2003 வரைக்கும் அரசாங்கம் சொன்ன விலைக்கு சொன்ன அளவு நெல்லு அளந்தே ஆகணும், தரிசு நெலத்துக்கு யாரு கோட்டா போடுவா? எத்தன ஏக்கருக்கு எத்தன கூடைன்னு அதுலயே எழுதியிருக்கும். விவசாய வங்கில பயிர்க்கடன் எடுத்திருந்தா அந்த புக்கும் எடு. எல்லாத்தயும் ரெண்டு ரெண்டு காப்பி, அசலு வீட்ட விட்டு வெளிய போக கூடாது, ஆபீஸ்ல அசல கேட்டா காட்டிட்டு கையோட திருப்பி வாங்கிக்க.

குடுத்த மனுவுக்கு சீல் வெச்ச ரசீது இல்லாம வராத. கிராம அளவுல இருக்கற விளைநில குழு முடிவு உனக்கு எதிரா போனா டவுன்ஷிப்புக்கு அப்பீல் போக 30 நாள் தான். நீங்க எல்லாரும் பழனில இருக்கறப்ப அந்த முடிவு வந்துச்சுன்னா 30 நாள்ல எத்தன நாள் வீணாகும் பாத்துக்க. அதான் கையெழுத்து போட ஒரு ஆளு இங்க இருக்கணும்.

யாங்கோன்_மீனாட்சி:

தம்பி அப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆகியிருக்குன்னு எழுதியிருக்கீங்க, தைப்பூசத்துக்கு பழனி வேணவே வேணாம். நான் பூசத்துலயும் போயிருக்கேன் சும்மா நாள்லயும் போயிருக்கேன். பூசத்துக்கு செட்டிநாட்டு பக்கத்துலேருந்து காவடி எடுத்து நடந்தே வர்றாங்க, திருச்சி ரோட்டுலேருந்தே கூட்டம், அடிவாரத்துல நிக்கிறதுக்கு எடம் கெடைக்காது. அந்த நெரிசல்ல அப்பாவ கூட்டிட்டு நின்னா அம்மாவுக்கு சாமி மேல மனசு போகாது, அப்பா மூஞ்சிய தான் பாத்துட்டு நிப்பாங்க. நேர்த்திக்கடன்ல தைப்பூசம்னு நாள் குறிச்சு வேண்டினாங்களா? இல்லன்னா மாசில ஒரு கிருத்திகையோ சும்மா ஒரு செவ்வாக்கெழமையோ போதும்.

வழிய சொல்றேன். கொலதெய்வம் தான் மொதல்ல, அதுல ரெண்டு பேச்சு இல்ல. இங்கேருந்து கெளம்புறதுக்கு முன்னாடி உங்க ஊர் மாரியம்மனுக்கு சூடம் ஏத்திட்டு, முடிஞ்சா பீலிக்கான் முனீஸ்வரர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு கெளம்புங்க. சென்னைல எறங்கி அலையாதீங்க, பேங்காக் இல்ல கோலாலம்பூர் மாறி திருச்சில எறங்கினா உங்களுக்கு பாதி அலைச்சல் மிச்சம். திருச்சிலேருந்து காரைக்குடி பக்கம் வந்து பிள்ளையார்பட்டில தேங்கா ஒடைச்சிட்டு தேவகோட்டை, அங்க கொலதெய்வம். அப்புறம் ராமேஸ்வரம், 2025 ஏப்ரல்ல புது பாம்பன் பாலம் தெறந்துட்டாங்க, ரயில் மறுபடி தீவுக்குள்ள போகுது. அங்க மொதல்ல கடல்ல அக்னி தீர்த்தம், பொறவு உள்ள 22 தீர்த்தம், வாளி வாளியா தலைல ஊத்துவாங்க, அப்பாவ ஊத்திக்க விடாதீங்க தெளிச்சுக்கிட்டா போதும். ஈரத்துணியோட சாமிகிட்ட விடமாட்டாங்க மாத்துத்துணி கைலயே இருக்கணும். அப்புறம் மதுர, கடைசில பழனி.

பழனில மலை ஏறுறதுக்கு முன்னாடி கீழ திருஆவினன்குடி, அது தான் படைவீடு, அங்க கும்பிட்டுட்டு தான் ஏறணும். 693 படி, அப்பாவுக்கு இழுவை ரயில் வின்ச் இருக்கு, ரோப் கார் இருக்கு, காத்து அடிச்சா ரோப் கார நிறுத்திடுவாங்க. மொட்டைக்கு 2021லேருந்து கோயில்ல காசு கெடையாது, யாராவது கேட்டா குடுக்காதீங்க. முக்கியமா உங்களுக்கு ஒண்ணு, 2023 அக்டோபர்லேருந்து மலை மேல ஃபோன் கொண்டு போக விடறதில்ல, கீழயே குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கணும். ஊர்ல நெல விஷயமா அவசரமா கூப்புடுறவங்களுக்கு அன்னைக்கு கெடைக்க மாட்டீங்க, முன்கூட்டியே சொல்லிடுங்க, இல்ல வீட்ல ஒருத்தர் ஃபோனோட அடிவாரத்துலயே உக்காந்திருக்கட்டும்.

விசா இந்தியா அரசாங்க வெப்சைட்லயே நேரா ஈ-விசா போட்டுக்கலாம், அதே மாதிரி பேர் வெச்சு காசு புடுங்குற சைட் நெறைய இருக்கு, முகவரி கடைசில ஜிஓவி டாட் ஐஎன் இருக்கான்னு பாருங்க. பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல செல்லணும். நாம வெளிநாட்டு பாஸ்போர்ட், அதனால லாட்ஜ்காரங்க நம்ம வெவரத்த 24 மணி நேரத்துல ஃபாரம் சி-ல பதியணும், சின்ன சத்திரம் மடத்துல இந்த தொல்லைக்கே எடம் இல்லன்னுடுவாங்க. தேவகோட்டைல சொந்தக்காரங்க வீட்ல தங்கினாலும் அவங்க பதியணும். ரூம் போடும்போதே மியன்மா பாஸ்போர்ட்னு சொல்லி கேட்டுட்டு போடுங்க. நம்ம காச அங்க யாரும் மாத்த மாட்டாங்க, மடிப்பு இல்லாத டாலர் கொண்டு போங்க. பெரியவங்க பெட்டில பழைய இந்தியா நோட்டு இருந்தா எடுத்துட்டு போகாதீங்க, பழைய 500, 1000 எல்லாம் 2016லேயே செல்லாம போச்சு, 2000த்தையும் 2023ல திரும்ப வாங்கிட்டாங்க.

மோல்மேன்_தாத்தா:

தம்பி நான் சொல்றது கசக்கும். நீங்க யாரும் இப்ப போக வேணாம்.

வயசானவன் கண்ணால பாத்தத சொல்றேன். ஒரு காலத்துல கீழ் பர்மா நெல்லு மாவட்டங்கள்ல செட்டியாருங்க கைல நாலுல ஒரு பங்கு நெலம் இருந்துச்சு, 1930கள்ல வெலை விழுந்து கடன் அடைக்க முடியாம குடியானவன்கிட்டேருந்து வந்த நெலம். 1948, 1953 நில தேசியமாக்கல் சட்டத்துல அது போச்சு. அதெல்லாம் முதலாளி கதை. ஆனா நம்மள மாதிரி கூலியா வந்து உழுதவங்க கைல கொஞ்சம் கொஞ்சம் நெலம் நின்னுச்சே அது உழுத உரிமைல நின்னது, பத்திரத்துல இல்ல. 1962க்கு அப்புறம் ராணுவ அரசாங்கம் கடையெல்லாம் எடுத்துக்கிட்டப்ப நம்ம ஆளுங்க லட்சக்கணக்கான பேரு இந்தியாவுக்கு கப்பலேறினாங்க. எங்க தெருவுல பூட்டிட்டு போன வீடெல்லாம் அடுத்த மழைக்கு முன்னாடி வேற ஆளு கைல. வயல்ல நின்னவங்களுக்கு தான் வயலு மிஞ்சிச்சு. அது மனசுல இருந்து போகல எனக்கு.

நேர்த்திக்கடன் தள்ளிப்போனா சாமி குத்தம் ஆகாது. அம்மாவ மஞ்ச துணில ஒரு காசு முடிஞ்சு சாமி படத்துகிட்ட வைக்க சொல்லு, இந்த காரியம் முடிஞ்சதும் வர்றோம் முருகான்னு. எங்க வீட்ல அப்பிடி முடிஞ்சு வெச்ச காசு வருஷக்கணக்கா இருந்து அப்புறம் தான் போய் செலுத்தினோம், ஒரு குறையும் வரல.

யாங்கோன்_மீனாட்சி:

தாத்தா சொல்ற வலி புரியுது, நான் மறுத்து பேசல. ஆனா நெல கேஸ் இந்த நாட்டுல எப்ப முடியும்? கிராமம், டவுன்ஷிப், மாவட்டம், மாநிலம்னு படி படியா ஏறும். அது முடியட்டும்னா அப்பாவுக்கு ஒடம்பு அதுவரைக்கும் இடம் குடுக்கணுமே. முடிஞ்சு வைக்கிறது வயசுப்புள்ளைங்களுக்கு சரி. அப்பா அம்மா போகட்டும், கூட ஒருத்தர் போகட்டும், பையன் இங்க நிக்கட்டும். பையன் மொட்டை கடன் தான் பாக்கி, அதுக்கு காசு முடிஞ்சு வைக்கட்டும்.

பெகு_கந்தன்:

எல்லாருக்கும் கை எடுத்து கும்புடுறேன். அம்மாவுக்கு எல்லாத்தயும் படிச்சு காட்டினேன், தாத்தா எழுதினத படிக்கிறப்ப அப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

விவசாயி அண்ணே, நாலு ஏக்கர் உளுந்து வெதச்சாச்சு மொளச்சு நிக்குது. வாய்க்கால் ஓரம் ரெண்டு ஏக்கர் தண்ணி நின்னதால விட்டுட்டோம், நீங்க கேட்டப்பறம் போய் பாத்தா குச்சி நட்டிருக்கறது முக்காவாசி அந்த ரெண்டு ஏக்கர்ல தான். இனி வெதச்சா வருமா? அப்புறம் மச்சான் (அக்கா வீட்டுக்காரர்) எல்லாத்தயும் நானே பாத்துக்குறேன் ஜிபி (பொது பவர் பத்திரம்) எழுதி குடுத்துட்டு நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கன்றாரு. அவரு நல்லவரு தான். குடுக்கலாமா?

நியாங்லேபின்_விவசாயி:

பாத்தியா, குச்சி நட்டவன் பகல்ல வந்து வெறுங்காடு எதுன்னு பாத்துட்டு தான் நட்டிருக்கான். இன்னைக்கே எறங்கு. தண்ணி வடிய ஒரு சின்ன காவா வெட்டி விட்டுட்டு ஈரம் காயுறதுக்குள்ள ஒரு சால் ஓட்டி வெதை. பிந்தின உளுந்து காய்ப்பு கம்மியா தான் இருக்கும், மகசூல் பாக்காத, பயிரு நிக்கணும் அவ்வளவு தான். வரப்ப ஒட்டி பூசணி, வெள்ளரி ஏதாச்சும் ஊனி விடு. உழுவுறப்ப ஊர் நிர்வாகி பாக்குற மாதிரி உழு, பக்கத்து பர்மாக்காரங்கள கூலிக்கு கூப்புடு, நாளைக்கு அவங்க தான் சாட்சி. வரப்பு பங்காளி ஒரு பர்மாக்காரர் "இவங்க தாத்தா காலத்துலேருந்து உழுவுறாங்க"ன்னு கையெழுத்து போட்டு குடுத்தா நம்ம ஆளு பத்து பேர் சொல்றதுக்கு மேல நிக்கும்.

ஜிபி வேணாம். மச்சான் நல்லவரா கெட்டவரான்ற பேச்சே இல்ல இது. பொது பவர்னா அந்த காயிதத்த வெச்சு நெலத்த விக்கவும் முடியும் அடமானம் வைக்கவும் முடியும், அவரே செய்ய மாட்டாரு, ஆனா அவரு மேல கடன்காரன் எவனாவது ஏறி உக்காந்தா? ஸ்பெஷல் பவர் எழுது. இந்த நோட்டீஸ் நம்பர், இந்த குவின், இந்த ஊபைங் (தனித்தனி வயலோட) நம்பர், ஆட்சேபம் குடுக்க, விசாரணைக்கு ஆஜராக, அப்பீல் போட, இதுக்கு மட்டும்னு. பத்திரப் பதிவு ஆபீஸ்ல பதிஞ்சு வாங்கு. அப்பா கையெழுத்து அடையாள அட்டைல இருக்கற மாதிரியே இருக்கணும், அந்த எழுத்து பெசக மொதல்ல குடிவரவு ஆபீஸ்ல திருத்த மனு குடுங்க, அது தான் உங்க வீட்டுக்கு மூல வியாதி, அது சரியாகாம 7ஆம் நம்பர் வராது.

ஆனா நீயே நிக்கிறதா இருந்தா பவர் உன் பேர்லயே எழுதட்டும், மச்சான் கூட தொணைக்கு வரட்டும்.

மோல்மேன்_தாத்தா:

பையன் நிக்கிறான்னா பெத்தவங்க போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்ல. கோயில் மனு மட்டும் ஊர் பெரியவங்க எல்லாரும் கையெழுத்து போட்டு போகணும், ஃபாரம் இருக்கற ரெண்டு வீட்டையும் விடாதீங்க. எனக்கு காயிதம் இருக்குன்னு அவங்க ஒதுங்கினா ஊரு ரெண்டா பிளந்துடும், மனு போட்ட ஆளுக்கு அது தான் வேணும்.

பெகு_கந்தன்:

நடந்தத சொல்லிடறேன். ரெண்டு ஏக்கரும் வெதச்சாச்சு, வாய்க்கால் பக்கம் காவா வெட்டுறதுக்கு அடுத்த வயக்கார பர்மா அண்ணன் காசு வாங்காம வந்து நின்னாரு, சாட்சி கையெழுத்தும் போட்டு குடுத்தாரு. அஞ்சு வீட்டு மனுவும் தனித்தனியா, கோயில் மனு தனியா குடுத்து சீல் வாங்கியாச்சு. ஃபாரம் இருக்கற ரெண்டு வீடும் கோயில் மனுவுல மொத ஆளா கையெழுத்து போட்டாங்க. ஸ்பெஷல் பவர் என் பேர்ல எழுத குடுத்திருக்கு.

அப்பா அம்மாவும் அக்காவும் மாசில போறாங்க, உளுந்து காயா நிக்கிற நேரம், அறுப்புக்கு முன்னாடி திரும்பிடுவாங்க. திருச்சி வழியா தான். அம்மா தைப்பூசம்னு நாள் குறிச்சு வேண்டலையாம், கேட்டுட்டேன். நான் நிக்கிறேன், எனக்கு அம்மாவே மஞ்ச துணில காசு முடிஞ்சு வெச்சுட்டாங்க.

மீனாட்சி அக்கா, ஒரே ஒரு கேள்வி. தேவகோட்டைல தாத்தாவோட தம்பி பேரன் வீடு இருக்கு, எங்க வீட்ல தான் தங்கணும்னு ஃபோன்ல சொல்றாங்க. அந்த ஃபாரம் சி அவங்க எங்க போய் குடுக்கணும்?

யாங்கோன்_மீனாட்சி:

அத ஆன்லைன்லயே பதியலாம் தம்பி, பழக்கம் இல்லன்னா பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல கேட்டா வழி சொல்லுவாங்க. அப்பா அம்மா அக்கா மூணு பேர் பாஸ்போர்ட்டும் விசாவும் காப்பி எடுத்து முன்னாடியே அவங்களுக்கு அனுப்பிடுங்க, எறங்கின அன்னைக்கே போட்டுடட்டும். அப்பாவோட மாத்திரை சீட்ட இங்கிலீஷ்ல டாக்டர்கிட்ட எழுதி வாங்கி அக்கா கைப்பைல வைக்க சொல்லுங்க, பெட்டில போட்டுட வேணாம்.